மிச்சத் துண்டு

எங்கள் கட்டடத்தில் கத்தரி அண்ணனிடம் துணி கொடுத்து, தைத்தது போக மிச்சத்தைத் திருப்பி வாங்கினவர் யாரும் கிடையாது. கேட்டால், "மிச்சமா? உங்க இடுப்பு அளவுக்கு நான்தான் கையிலேர்ந்து துணி போட்டிருக்கணும்" என்பார். கேட்டவர் தன் இடுப்பைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். கடையும் அதுவேயான அவர் வீட்டு ஜன்னல் திரை பதினோரு பேரின் கால்சட்டைத் துணி. தலையணை உறையெல்லாம் சட்டைத் துணி. தையல் இயந்திரத்தை மூடி வைக்கும் உறையில் என் பழைய கோட்டின் சாம்பல் கட்டம் இருக்கிறது. அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல இருபது வருஷமாக அவர் வீட்டில் டீ குடித்து வருகிறேன்.

என் தொழில் மட்டும் என்ன வாழ்ந்தது? அதே மாடியில் அவர் கடைக்கு எதிர்க் கடையில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் நான். உள்ளே இருந்த நல்ல சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பழசைப் போட்டுவிட்டேன் என்று நினைக்காத வாடிக்கையாளர் ஒருவரும் எனக்கு வாய்க்கவில்லை. மூடியைத் திறக்கும்போது கழுத்தை நீட்டிக்கொண்டு என் விரலையே பார்ப்பார்கள். அதனால் சந்தேகப்படுகிறவன் முகமும் எனக்குத் தெரியும், சந்தேகிக்கப்படுகிறவன் வயிறும் தெரியும்.

இதையெல்லாம் முன்னாலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த மழை மாதத்தில் கத்தரி அண்ணன் ஒரு மனுஷனைத் திருடன் என்றார். ஏன் என்றால், அந்த ஆள் மிச்சத் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.

அண்ணனுக்கு ஒரு தங்கை. முப்பத்தெட்டு வயது. தெருவைப் பார்த்த ஜன்னலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து காஜா எடுப்பாள். பொத்தான் துளைக்குக் கையால் ஓரம் கட்டுகிற அந்த வேலையை அவளைப் போலச் செய்ய இந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஒரு துளைக்கும் இன்னொரு துளைக்கும் நூல் எண்ணிக்கைகூட மாறாது. கடையின் பெயர் அண்ணனுடையது. கடைக்கு ஆள் வருவது இவள் கைக்காக. இது அண்ணனுக்குத் தெரியும். அண்ணிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டு தெரு தள்ளி வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற பட்டறை ஒன்று உண்டு. அங்கே வேலை செய்கிறவர் ஒருநாள் ஒரு சட்டையோடு வந்தார். வேலைப் பலகையில் ஊன்றி ஊன்றி வலது முழங்கை மட்டும் கிழிந்திருந்தது. தங்கை உள்பக்கமாக ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரம் இன்னொரு சட்டை வந்தது. ஆறு மாதத்தில் அவரிடமிருந்த எல்லாச் சட்டைக்கும் ஒட்டு விழுந்தாயிற்று. "அந்தாளு முழங்கை தேயுதோ இல்லையோ, நம்ம படி தேயுது" என்று அண்ணி சொன்னாள். கல்லுக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

கடைசியில் அவரே அண்ணன் முன் வந்து நின்று, தங்கையைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். தங்கை ஊசியை நிறுத்தாமல், "எனக்குச் சம்மதம்ணே" என்றாள். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்தரியை எடுத்தார், வைத்தார், "பாக்கலாம்" என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' எதைப் பற்றி என்று எனக்குத் தெரியும். ஒரு பெரிய விடுதியின் சிப்பந்திகளுக்கு நூற்று நாற்பது மேல்சட்டை ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு சட்டைக்கு ஏழு காஜா.

*

செத்துப்போன அம்மாவின் மோதிரம் ஒன்று தங்கையிடம் இருந்தது. அதில் நீள்வட்டமான ஒரு வைரம். பிடிக்கம்பிகள் தளர்ந்து கல் கையோடு வந்துவிட்டதால் அதைப் பஞ்சில் சுற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கல்யாண மோதிரத்துக்குப் புதுக் கல் எதற்கு, இதையே வைத்துக் கட்டலாம் என்று அவள் எடுத்துக் காட்டினாள்.

கல்லுக்காரர் அதை இடுக்கியால் எடுத்து ஜன்னல் பக்கம் காட்டினார். பிறகு பக்கவாட்டில் திருப்பினார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"கல்லு நல்ல கல்லு. வெட்டினவன்தான் எடைக்கு ஆசைப்பட்டிருக்கான்."

"என்ன குறை?" என்றார் அண்ணன், துணி வெட்டும் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து.

"மேலேர்ந்து பாத்தா நீளம் ஒன்பது புள்ளி நாலு மில்லி, அகலம் ஆறு புள்ளி ஏழு. அந்தப் பொருத்தம் அழகாத்தான் இருக்கு. இதுக்கு மேல நீட்டினா அரிசி மாதிரி ஆயிடும், குறைச்சா சப்பின உருண்டை மாதிரி ஆயிடும். ஆனா பக்கத்துலேர்ந்து பாருங்க. அடியில எவ்ளோ வயிறு. அகலத்தை நூறுன்னு வச்சா ஆழம் எழுபத்திரெண்டு. அறுபது, அறுபத்தொண்ணு இருந்தாப் போதும். மேல் பாதியும் அடிப் பாதியும் சேர்ற இடுப்புக் கோடும் தடியா கெடக்கு. எடையெல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. விரல்ல போட்டா யாருக்கும் தெரியாது."

தங்கை ஊசியை நிறுத்தினாள். "உள்தையலுக்கு நாலு விரல் துணி விட்ட மாதிரியா?"

"அதேதான். துணி விலை குடுத்திருக்கீங்க, போட்டா தெரியாது. ஆனா துணின்னா உள்ள சும்மா கெடக்கும். கல்லுல அது வெளிச்சத்தையும் முழுங்கிடும். நடுவுல பாருங்க, குறுக்க ஒரு கறுப்பு."

பார்த்தோம். கல்லின் நடுவே, இரண்டு பக்கமும் விரிந்து மத்தியில் ஒடுங்கி, ஒரு கறுப்பு கிடந்தது. சாப்பாட்டு மேசைச் சிப்பந்திகளின் கழுத்து முடிச்சு மாதிரி.

"தொழில்ல இதை போ-டைன்னே சொல்லுவோம். நீள்வட்டக் கல்லுன்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். லேசா இருக்கலாம், அசைச்சா கலைஞ்சிடணும். இது எப்படித் திருப்பினாலும் போக மாட்டேங்குது. அடியை இறக்கிப் பட்டைகளை மறுபடி வச்சா போயிடும். மேல அளவு மாறாது."

"அடியை இறக்கினா, மேல இன்னும் பெரிசாத் தெரியற மாதிரி இன்னும் இறக்கிடலாமே" என்றாள் அண்ணி.

"ரொம்ப இறக்கினா வெளிச்சம் தங்காது அண்ணி. அச்சடிச்ச தாள் மேல வச்சா எழுத்து அப்படியே அடியில தெரியும். கண்ணாடிச் சில்லு மாதிரி."

அண்ணன் மனதில் 'இறக்கினா' என்ற ஒரு சொல் மட்டும்தான் இறங்கியிருந்தது.

மறுநாள் காலை, கல்லைக் கொடுத்தனுப்புவதற்கு முன் அவர் என் கடைக்கு வந்து கதவைச் சாத்தினார். "கடிகாரம், கண்ணுல இடுக்குற உன் பூதக்கண்ணாடியை எடு. இதுல ஏதாவது அடையாளம் இருக்கா பாரு. ஏற்கனவே நகைக்கடையில எடை போட்டுட்டேன். ரெண்டு காரட், பத்து செண்ட். நூறு செண்ட் ஒரு காரட்டாம்."

"எதுக்குண்ணே?"

"பாம்பின் கால் பாம்பறியும். நானும் வெட்டுற தொழில்தான் பண்றேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் கண்ணாடி பல்சக்கரத்துக்குப் போதும்; வைரத்துக்கு எம்மாத்திரம். இருந்தாலும் அரைமணி நேரம் பார்த்தேன். நீள்வட்டம் வளைகிற ஒரு தோள் பக்கம் இடுப்புக் கோட்டில் கடுகில் பாதியளவு இடம் தீட்டாமல் மங்கலாகக் கிடந்தது. அதற்குள் குட்டிக் குட்டி முக்கோணப் பள்ளங்கள். மண்ணிலிருந்து எடுத்த கல்லின் சொந்தத் தோல் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதை ஒரு சீட்டில் வரைந்து கொடுத்தேன். அண்ணன் அந்தச் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

*

பதினோரு நாள் கல் அங்கே இருந்தது. பதினோரு நாளும் மழை. ஜன்னலடியில் வெளிச்சம் போதாமல் தங்கை பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு காஜா எடுத்தாள். துணியெல்லாம் ஈரம் குடித்துக் கனத்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி கூரைக்குப் போயிற்று. கத்தரி அண்ணன் வெட்டும்போது பேசுகிறவர். அந்த நாட்களில் அவர் பேச்சு முழுவதும் கல்தான்.

"ஒரு கல்லைத் தேய்க்க பதினோரு நாளா? நான் பதினோரு நாள்ல ஒரு கல்யாணத்துக்கே தைப்பேன்."

"அவசரப்பட்டா உடையுமாம்ணே" என்றாள் தங்கை.

"யாரு சொன்னா?"

"அவர்தான்."

"அவன் சொல்றதை அவனை வச்சே சாட்சி சொல்லு. நல்லாருக்கு."

அண்ணி ரொட்டியையும் வேகவைத்த முட்டையையும் பலகையின் ஓரத்தில் வைத்தாள். முட்டையை உரித்துக்கொண்டே, "ஆள் நல்ல ஆளுதான். நல்ல ஆளுங்கதான் நம்மளை ஏமாத்த முடியும். கெட்ட ஆளை நம்ம வீட்டுக்குள்ளயே விட மாட்டோமே" என்றாள். அவள் பேச்சு எப்போதும் இப்படித்தான், வெட்டினால் இரண்டு பக்கமும் கரை இருக்கும்.

"தங்கச்சி, நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "வரட்டும், பாத்துக்கலாம்."

அவளும் அண்ணனுடைய தங்கைதானே என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

*

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் கல்லுக்காரர் வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, மடித்த வெள்ளைத் தாளைப் பலகைமேல் விரித்தார். சொன்னால் சொன்னபடி இருந்தது. மேலிருந்து பார்த்தால் அதே அளவு. ஆனால் தூங்கி எழுந்து முகம் கழுவிய மாதிரி ஒரு தெளிவு. அண்ணி தன்னையறியாமல், "அட" என்றாள்.

அண்ணன் கல்லைத் தாளோடு எடுத்துக்கொண்டு நேரே நகைக்கடைக்கு நடந்தார். அரைமணியில் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

"ஒண்ணு அறுபத்திரெண்டு."

"ஆமாண்ணே" என்றார் கல்லுக்காரர்.

"ரெண்டு பத்து குடுத்தேன். ஒண்ணு அறுபத்திரெண்டு வந்திருக்கு. பாக்கி நாப்பத்தெட்டு செண்ட் எங்க?"

"அடியில இருந்ததுண்ணே. போயிடுச்சு."

"எங்க போச்சு? துணியை வெட்டினா துண்டு விழுது. மரத்தை அறுத்தா சிராய் விழுது. நாப்பத்தெட்டு செண்ட்டுன்னா சின்ன மோதிரமே கட்டலாம்னு கடையில சொல்றான். அந்த மிச்சத் துண்டு எங்க?"

"துண்டா விழாதுண்ணே. இரும்புச் சக்கரம் சுத்தும். அது மேல வைரப்பொடியும் எண்ணெயும் தடவியிருக்கும். கல்லை அதுல அழுத்திப் பிடிக்கிறது. பொடியாவேதான் போகும். எண்ணெயோட கலந்து மை மாதிரி ஆயிடும்." பையிலிருந்து கறுத்துப்போன ஒரு துணித் துண்டை எடுத்து வைத்தார். "கேப்பீங்கன்னு கொண்டுவந்தேன். உங்க கல்லுக்குன்னு தனியாத் தொடைச்ச துணி."

அண்ணன் அதை எடுத்து, முகர்ந்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுப்பானதுதான் மிச்சம். "கத்தரி பிடிச்சு முப்பது வருஷமாச்சு. மிச்சம் இல்லைன்னு எத்தனை பேர்கிட்ட எப்படியெல்லாம் சொல்லலாம்னு எனக்குத் தெரியாதா? ஆனா எரிஞ்ச துணியைக் காட்டி இதுதான் உங்க மிச்சம்னு நான்கூடச் சொன்னதில்ல தம்பி. நீ நம்மளுக்கு மேல இருக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கல்லுக்காரர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. காது மடல் வரை சிவந்திருந்தார்.

"நான் மாத்திட்டேன்னு சொல்றீங்களா?"

"பெரிய கல்லை வச்சுக்கிட்டு சின்னக் கல்லைக் குடுத்திருக்கன்னு சொல்லல. சொல்லலைன்னுதான் சொல்றேன்."

தங்கை எழுந்து நின்றாள். மடியிலிருந்த மேல்சட்டை கீழே விழுந்தது. கல்லுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவருக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்த பார்வை அது. அவள் குனிந்து சட்டையை எடுத்து உதறினாள்.

கல்லுக்காரர் கறுத்த துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு எடைதான் வேணும்னா எடை தர்றேன். பட்டறையில ரெண்டு பத்துல ஒரு நீள்வட்டக் கல்லு இருக்கு. முதலாளிகிட்ட கேட்டு வாங்கிட்டு வர்றேன். ரெண்டையும் பக்கத்துல வைங்க. எது வேணுமோ எடுத்துக்கங்க, மத்தது பட்டறைக்கு. அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்." குடையை எடுக்க மறந்து மழையில் இறங்கிப் போனார்.

*

அவர் தெரு முனை திரும்புவதற்குள் அண்ணன் என் கடையில் இருந்தார். கல் என் பலகையில், சீட்டு அதன் பக்கத்தில்.

நான் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினேன். தேட வேண்டியிருக்கவே இல்லை. அதே தோள். அதே இடுப்புக் கோடு, இப்போது மெலிந்திருந்தது. அதில் அதே மங்கல், அதே முக்கோணங்கள். பாதி போயிருந்தாலும் பாதி இருந்தது.

"அதே கல்லுதாண்ணே."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேன். சந்தேகமே இல்ல."

"நீயும் அவனும் பேசி வச்சுக்கலையே?"

இருபது வருஷம் டீ கொடுத்த கை அது. நான் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சிகிட்ட சொல்லாத."

"அண்ணே."

"நூத்தி நாப்பது சட்டை இருக்கு கடிகாரம். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். அவன் எங்க ஓடிடப் போறான்."

ஓடுகிறவன் அல்ல, மனம் வெறுத்து நடந்து போகிறவன் என்பது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் நான் தலையை ஆட்டினேன். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் தங்கை ஜன்னலில் தலை குனிந்து வேலை செய்ததை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை எழுந்து அவர்கள் வாசல்வரை போனேன். அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி குடித்துவிட்டுத் திரும்பினேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

*

நான்காம் நாள் மழை விட்டிருந்தது. வானம் வெளுத்து, வெயில் இல்லாத நல்ல வெளிச்சம். கல்லுக்காரர் காலையிலேயே வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். பலகையிலிருந்த துணிகளை ஒதுக்கி, ஜன்னல் பக்கமாக வெள்ளைத் தாள் விரித்து, இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இடது பக்கம் பட்டறைக் கல்லு, ரெண்டு பத்து. வலது பக்கம் உங்களுது, ஒண்ணு அறுபத்திரெண்டு. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாருங்க."

மேலிருந்து பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒட்டி வைத்து அளந்ததில் பட்டறைக் கல் நூலிழை சிறியது என்றுகூடச் சொல்லலாம். அண்ணன் இரண்டு கையையும் பலகையில் ஊன்றி, மூக்கு தாளில் படுகிற மாதிரி குனிந்தார். முதலில் இடது கல். பிறகு வலது கல். வலது கல்மேல் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"கறுப்பு போயிடும்னு சொன்ன. இதோ இருக்கே கறுப்பு."

"அண்ணே, கொஞ்சம் நிமிந்து பாருங்க."

"ஏன், கிட்டப் பாத்தா குட்டு வெளிப்பட்டுடுமா?"

"அது உங்க தலைண்ணே."

"என்னது?"

"நடுவுல இருக்கிற பட்டைங்க எதிர்ல இருக்கிறதைத்தான் திருப்பிக் காட்டும். நீங்க மேல கவுந்தா வெளிச்சத்தை மறைச்சு உங்க தலையைத்தான் காட்டும். எவ்ளோ கிட்டக் குனியுறீங்களோ அவ்ளோ கறுப்பா இருக்கும்."

அண்ணி, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ரொட்டி வெட்டும் இடத்திலிருந்தே சொன்னாள். அண்ணன் அவளை முறைத்தபடி நிமிர்ந்தார். நிமிரவும் வலது கல்லின் நடுவிலிருந்த கறுப்பு மெல்ல வெளுத்து, சில்லுச் சில்லாக உடைந்து போயிற்று. இடது கல்லில் அப்படியே கிடந்தது.

அண்ணன் மறுபடி குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார். இன்னொரு தடவையும் செய்தார். பிறகு, "வேடிக்கைதான். ஆனா எடை எடைதான். நாங்க இடதை எடுத்துக்கிறோம்" என்றார்.

"கல்லு யாருதுண்ணே?" என்று கேட்டபடி தங்கை பலகைக்கு வந்தாள். இடுக்கியைக் கையில் எடுத்தாள். இடது கல்லைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். "வயிறு." வைத்தாள். வலது கல்லைத் தூக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்தாள். பொருட்காட்சி மாதிரி ஒன்றும் மின்னி மிரட்டவில்லை. ஆனால் எந்தச் சாய்விலும் ஒரு மூலை செத்துக் கிடக்கவில்லை. மாத நாள்காட்டியின் தாள்மேல் வைத்தாள். அடியிலிருந்த எண் தெரியவில்லை.

பிறகு கல்லுக்காரரைப் பார்த்துக் கேட்டாள். "எங்க கல்லை எடுத்துக்கிட்டு ரெண்டு பத்தைத் தர்றதுக்கு உங்க முதலாளி எத்தனை நாள் யோசிச்சாரு?"

"யோசிக்கல. கல்லைப் பத்திச் சொன்னதும் சரின்னுட்டாரு."

"தொழில் பண்றவர், எடை அதிகமானதைக் குடுத்துட்டு கம்மியை வாங்க ஒரே நிமிஷத்துல ஒத்துக்கிறாருன்னா, எது நல்ல கல்லு அண்ணே?"

அந்தக் கணக்கு அண்ணனுக்குப் புரிந்துவிட்டது, பிடிக்கத்தான் இல்லை. "நல்ல கல்லா இருக்கலாம். நம்ம கல்லான்னுதான் கேள்வி" என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது பேச வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை தன் பொத்தான் டப்பாவை எடுத்து வந்து கவிழ்த்தாள். பொத்தான்களுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். அளவுத் தாள், சட்டைக் கழுத்துக்கும் கைக்கும் வடிவம் வெட்டுகிற பழுப்புத் தாள். அதில் கூரான பென்சிலால் ஒரு சின்ன நீள்வட்டம் வரைந்திருந்தது.

"கல்லைக் குடுக்கிறதுக்கு முந்தின நாள் இதைச் சுத்தி வரைஞ்சு வச்சேன்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "சரியான வடிவமான்னு காலர் மடிக்கிற மாதிரி நடுவுல மடிச்சும் பாத்தேன். ஒரு தோள் நூலளவு வெளிய நின்னுச்சு. யார்கிட்டயும் சொல்லல."

கல்லைக் கவிழ்த்து அந்தக் கோட்டுக்குள் வைத்தாள். பொருந்தியது. வெளியே நின்ற தோளும் பொருந்தியது. என் சீட்டிலிருந்த தோலும் அதே தோளில்தான் இருந்தது.

"நானும் பாத்தேன் தங்கச்சி" என்றேன். "மூணு நாள் முன்னாடியே பாத்தேன். அதே கல்லுதான். சொல்லாம இருந்துட்டேன்."

"தெரியும் கடிகார அண்ணே."

"எப்படித் தெரியும்?"

"அண்ணன் உங்க கடையிலேர்ந்து வந்து ஒண்ணுமே பேசல. வேற கல்லா இருந்திருந்தா இந்தக் கட்டடமே கேட்டிருக்கும்."

கத்தரி அண்ணன் பலகையோரத்தில் கிடந்த சுண்ணக் கட்டியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். அது உடைந்தது. "நீ போயிட்டா காஜா யாரு எடுப்பா?" என்றார். அவ்வளவு நாளும் சொன்ன எதையும்விட அது உண்மையாக இருந்தது.

"ரெண்டு தெரு தள்ளித்தானே போறேன். வந்து எடுப்பேன். கூலி குடுத்தா."

அண்ணி உள்ளேயிருந்து சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் கல்லுக்காரர் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பழுப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு அது தெரிந்தது.

"நானும்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள் அவரிடம். "அண்ணன் வாயால பட்டாரு. நான் பென்சிலால பட்டேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"கல்லு என் கைக்கு வந்தப்பவே விளிம்பைச் சுத்தி பென்சில் கரி இருந்துச்சு. யாரோ அளவு எடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. அண்ணன் சுண்ணக்கட்டி ஆளு. பென்சில் உங்களுது." அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் கல்லை ஒரு விரலால் தொட்டார். "அந்தத் தோளைச் சமம் பண்ணியிருக்கலாம். பண்ணியிருந்தா வடிவம் சுத்தமா வந்திருக்கும். தோலும் போயிருக்கும். மேலயும் நூலளவு மாறியிருக்கும். அளவு எடுத்தவங்க பாக்கிறப்ப அளவு சரியா இருக்கணும்ல. அதான் விட்டுட்டேன்."

கீழே தெருவில் யாரோ தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளும் சத்தம் கேட்டது. இத்தனை ஒளி வந்த கல்லில் ஒரு தோள் மட்டும் கோணலாக நின்றது. அது கல்லின் குறையல்ல. எங்கள் நான்கு பேரில் ஒருவராவது அந்த மனுஷனை நம்பியிருந்தால் அது இருந்திருக்காது.

தங்கை கல்லை அந்தப் பழுப்புத் தாளுக்கு நடுவில் வைத்தாள். நாலாக மடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அவர் கையில் கொடுத்தாள்.

"தோளைச் சமம் பண்ணிக் கொண்டுவாங்க."

"அப்புறம் உங்க கல்லுதான்னு காட்ட ஒரு அடையாளமும் இருக்காது."

"வேணாம்."

"எடை இன்னும் ரெண்டு மூணு செண்ட் இறங்கும்."

"இறங்கட்டும்."

கத்தரி அண்ணன், "தாளையாவது..." என்று ஆரம்பித்தார். தங்கை திரும்பிப் பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

கல்லுக்காரர் பட்டறைக் கல்லை ஒரு பையிலும், பழுப்புத் தாளைச் சட்டையின் உள்பையிலும் வைத்துக்கொண்டார். நான்கு நாளாக வாசல் மூலையில் சாய்ந்திருந்த குடையை அண்ணனே எடுத்துவந்து நீட்டினார். "மழை வரும்போல இருக்கு, மாப்பிள" என்றார். வானம் நன்றாக வெளுத்துத்தான் இருந்தது.

கல்லுக்காரர் படியிறங்கிப் போனார். தங்கை முக்காலியில் உட்கார்ந்து அடுத்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். அண்ணன் ஜன்னலில் நின்று அவர் போகிறதைப் பார்த்தார். தெரு முனை வரைக்கும் பார்த்தார். பிறகு, அந்த வீட்டிலிருந்து ஒரு துண்டுத் தாள்கூட வெளியே போக விடாத மனுஷன், கத்தரியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.